லைட்டை அணைக்கச் சொன்னது தப்பே இல்ல

அமாவாசை ராத்திரி கொல்லையில நடந்தது இங்க பாதிப் பேருக்குத் தெரியும், முழுக்கதை சொல்லப் போறதில்ல. எல்லாரும் டெலஸ்கோப்ல நட்சத்திரம் பாத்துக்கிட்டு இருந்தப்ப ஒருத்தர் ரீல்ஸ் எடுக்க செல் லைட்டைப் போட்டார், அணைக்கச் சொல்லி நான் கத்தினேன். நட்சத்திரம் பாக்குற நம்ம குரூப்ல அன்னையிலேருந்து என்னைத்தான் வறுத்து எடுக்குறாங்க, ஒரு ரீல்ஸுக்கு இப்படியா கத்துறதுன்னு. ஆமா கத்தினேன். மெதுவா சொல்லி, கெஞ்சி, அப்புறம்தான் கத்தினேன்.

நட்சத்திரம் பாக்க கூடுன இடத்துல வெள்ளை லைட் போடாதீங்க. இவ்ளோதான் நான் கேக்குறது. கண்ணு இருட்டுக்கு நல்லா பழக 20லேருந்து 30 நிமிஷம் ஆகும். கண்ணு நடுவுல இருக்குற கருப்புப் பாப்பா சட்டுனு விரிஞ்சிடும், ஆனா விழித்திரையில ரோடாப்சின்னு ஒரு நிறமி திரும்ப ஊறணும், நேரம் எடுக்குறது அதுதான். ஒரு ஃபிளாஷ் போதும், திரும்ப முதல்லேருந்து உக்காரணும். செல்லு உங்களோடது, வெளிச்சம் எல்லார் கண்ணுலயும்தானே விழுது?

கொல்லைக்காரங்க வீட்டு அவ்வா, தெலுங்கு பேசுற பாட்டி, அந்த மல்லாட்டை (நிலக்கடலை) புடுங்கின நிலத்தை நமக்கு விட்டவங்க, பம்ப்செட் பக்கம் கயித்துக்கட்டில்ல பாதி ராத்திரி வரைக்கும் முழிச்சிருந்தாங்க. ஒமேகா சென்டாரி அப்பதான் தெக்கால நல்லா மேல வந்துச்சு. 17,000 ஒளியாண்டு தூரம், கிட்டத்தட்ட ஒரு கோடி நட்சத்திரம் ஒரே கொத்தா. என்னோட எட்டு இஞ்ச் டாப்சோனியன் டெலஸ்கோப்ல மோட்டார் கிடையாது, பூமி சுத்த சுத்த நாமதான் கையால தள்ளிக்கிட்டே இருக்கணும். நேரா பாக்காதீங்க அவ்வா, கொஞ்சம் ஓரக்கண்ணால பாருங்கன்னு தெலுங்கும் தமிழுமா சொல்லிக்கிட்டு இருந்தேன். "ரவை சிந்துன மாதிரி இருக்கு"ன்னாங்க. அந்த நேரம் பாத்து பின்னாடியிலேருந்து பளீர்னு லைட். "ஏமீ கனபடலேது நாயனா", ஒண்ணுமே தெரியலப்பான்னு கண்ணைக் கசக்கிட்டு எழுந்து போய்ட்டாங்க.

புதுசா வர்றவங்களைத் துரத்துறீங்கன்னு ஒரு தம்பி எழுதியிருக்கார். அன்னைக்கு அங்க புதுசா வந்தது யாரு தம்பி? வாழ்நாள்ல முதல் தடவையா டெலஸ்கோப்ல கண்ணு வச்ச அவ்வாதானே? அவங்களுக்காக உங்கள்ல ஒருத்தர்கூட ஒரு வரி எழுதலையே!

பாம்பு வரும், லைட் வேணும்னு ஒருத்தர். டார்ச்சுக்கு சிவப்பு செல்லோஃபேன் ரெண்டு மடிப்பா கட்டி தரையைப் பாத்து அடிங்க, மங்கலான சிவப்பு வெளிச்சம் இருட்டுப் பார்வையை ரொம்ப கெடுக்காது. சனிக்கிரகம் பாத்தப்ப லைட் எரிஞ்சுதே, அப்ப ஏன் பேசலைன்னா, நிலாவும் சனியும் தானே பளிச்சுனு தெரியுறது, அதுக்குப் பரவாயில்ல. மங்கலா இருக்குறதுக்குத்தான் இந்த இருட்டே.

வானம் என்ன உங்க அப்பன் சொத்தான்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் வலிக்குது. என் சொத்துன்னு நினைச்சிருந்தா வீட்டு மாடியிலேயே தனியா பாத்திருப்பேன், அவ்ளோ கனத்தையும் தூக்கிக்கிட்டு குப்பம் ரோட்டுல வந்து வரிசையில நிக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஃபோகஸ் வச்சுக் குடுத்திருக்க மாட்டேன். இருட்டு நம்ம பக்கத்துலயே கொறைஞ்சுக்கிட்டு வருது. வானியலாளர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு ஜவ்வாது மலையில காவலூரைத் தேர்ந்தெடுத்ததே இருட்டுக்கும் தெற்கு வானத்துக்கும்தான். அங்க 1986லேருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி நிக்குது, சுத்தி ஊருங்க வெளிச்சம் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே இருக்கு. மிச்சம் இருக்குற இருட்டையும் நாமளே செல்லை வச்சு அழிக்கணுமா? ஸாரி கேக்கச் சொல்றீங்க, கேக்க மாட்டேன்.

அடுத்த அமாவாசைக்கு ஒமேகா ரெண்டு மணி நேரம் முன்னாடியே மேல வந்துடும். வண்டியை ரோட்டுலயே விடுங்க, கதவு திறந்தா எரியுற உள்லைட்டை முதல்லயே ஆஃப் பண்ணிடுங்க. ரீல்ஸ் எடுத்தவரும் வரட்டும். வரிசையில முதல் ஆள் அவ்வாதான்.