மாணவர் பாராளுமன்றத் தீர்மானங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

எமது பாடசாலைகள் பலவற்றில் மாணவர் பாராளுமன்றம் இருக்கிறது. சபாநாயகர், பிரதமர், அமைச்சர்கள் எல்லோரும் தெரிவாகிறார்கள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் வந்து அமர்வைப் பார்த்துப் பாராட்டிச் செல்கிறார்கள். புகைப்படங்கள் முகநூலில் வருகின்றன. ஆனால் அந்தப் பிள்ளைகள் நிறைவேற்றிய தீர்மானங்களுக்குப் பின்னர் என்ன நடந்தது என்று எவரும் கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றின் மாணவர் பாராளுமன்றக் கூட்டக் குறிப்புக் கொப்பியை வாசிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பெண்பிள்ளைகளின் மலசலகூடக் கதவுகளுக்கு உட்புறத் தாழ்ப்பாள் இல்லை என்றும், ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது என்றும், இதற்காகவே சில பிள்ளைகள் காலையில் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள் என்றும் திருத்தமான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்களும் முறைப்படி இருந்தன. அடுத்த தவணையிலும் அதே விடயம் வருகிறது, அதற்கடுத்த தவணையிலும் வருகிறது. மூன்றாவது இடத்தில் 'மீண்டும்' என்பதன் கீழே கோடு இழுத்திருந்தார்கள். அதே காலத்தில் அப்பாடசாலையின் பெரியவர்கள் கூடிப் பேசிய விடயம் நுழைவாயில் வளைவு. தாழ்ப்பாள் வாங்கப் பணம் இல்லாமலில்லை. அந்தக் கொப்பி, முடிவெடுக்கிறவர்களின் மேசைக்குப் போக ஒரு வழி இல்லை என்பதுதான் குறை.

இவற்றை முடிவெடுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் அதிபர் தலைவராக இருக்கிறார்; ஆசிரியர்கள், பெற்றோர், பழைய மாணவர் எல்லோருக்கும் இடமுண்டு. நிகழ்கால மாணவருக்கு இல்லை. பழைய மாணவர் சங்கங்களுக்கு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கிளைகள் இருக்கின்றன. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் அவர்கள் அனுப்பிய பணம் இல்லாவிட்டால் எத்தனையோ வகுப்பறைகள் கூரையின்றி இருந்திருக்கும். அந்த நன்றி எனக்குக் குறையாமல் உண்டு. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் படித்து வெளியேறிய ஒருவரிடம் தொலைபேசி எடுத்து 'என்ன கட்டலாம்?' என்று கேட்கிற நாம், இன்று அதே வாங்கில் இருக்கிற பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உயர்தர வகுப்பில் இருக்கும் பலர் 18 வயதைக் கடந்தவர்கள். நாட்டின் சனாதிபதியைத் தெரிவுசெய்ய வாக்குரிமை பெற்றவர்கள்.

வெளிநாட்டில் வாழும் அந்தப் பழைய மாணவரின் பிள்ளைகள் படிக்கும் நாடுகளில் நிலைமை வேறு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இடைநிலைப் பாடசாலைகளின் ஆலோசனைச் சபையில் மாணவருக்கு இடம் சட்டப்படி உண்டு. பல பாடசாலைகளை ஒன்றாக நிருவகிக்கும் பாடசாலைச் சபைகளிலும் மாணவர் பிரதிநிதிகள் அமர்கிறார்கள். அவர்களுடைய வாக்கு முடிவைக் கட்டுப்படுத்தாது என்றாலும் அவர்கள் பேசுவது பதிவாகிறது. ஜேர்மனியின் நோர்த்ரைன் வெஸ்ற்பாலியா மாநிலத்தில் இடைநிலைப் பாடசாலை மன்றங்களில் ஆசிரியர், பெற்றோர், மாணவர் என்ற மூன்று தரப்புக்கும் சம இடம் உண்டு. சிறுவரைப் பாதிக்கும் விடயங்களில் அவர்களின் கருத்துக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்று கூறும் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரையை 1991இல் இலங்கையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

'இடம் கொடுத்தால் பிள்ளைகள் தலையில் ஏறிவிடுவார்கள்' என்று ஆசிரிய நண்பர்கள் சொல்வதுண்டு. ஏற்கெனவே மாணவ முதல்வர்கள் இருக்கிறார்களே என்றும் கேட்கிறார்கள். மாணவ முதல்வர்கள் நிருவாகத்தின் விதியைக் கீழே கொண்டுசெல்பவர்கள். பிள்ளைகளின் குறையை மேலே கொண்டுசெல்வது வேறு பணி, அதை அவர்களிடம் எதிர்பார்ப்பது அவர்களுக்கும் சங்கடம். ஒழுக்கம் கெடும் என்ற அச்சத்துக்கு நமது மண்ணின் வரலாறே பதில் சொல்கிறது. 1924இல் இங்கே தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸாகி, சாதி வேறுபாட்டை எதிர்த்தது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தது. அதன் முன்னோடியான ஹண்டி பேரின்பநாயகம் பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானவர். கேள்வி கேட்கப் பழகிய தலைமுறை பாடசாலைகளைக் கெடுக்கவில்லை.

எல்லாவற்றையும் மாணவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பரீட்சை, தனிப்பட்ட ஒழுக்காற்று விசாரணை, ஆசிரியர் நியமனம் ஆகியவை அவர்களுக்குரியவை அல்ல. குடிநீர், மலசலகூடம், சிற்றுண்டிச்சாலை, நூலகம் திறந்திருக்கும் நேரம், இல்ல மெய்வல்லுனர் போட்டிப் பயிற்சி, தீவகத்திலிருந்து பேருந்தில் வந்து தாமதமாகும் பிள்ளைகளைப் படலையில் மறிப்பது போன்றவற்றில் அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. பிரதிநிதிகளை வகுப்பாசிரியர் பெயர் குறிக்காமல் பிள்ளைகளே இரகசிய வாக்கில் தெரிவுசெய்ய வேண்டும். அப்போதுதான் புள்ளி குறைந்த பிள்ளைக்கும், கூட்டத்தில் பேசப் பயப்படும் பிள்ளைக்கும் ஆள் கிடைக்கும்.

அபிவிருத்திச் சங்கத்தின் ஒவ்வொரு செயற்குழுக் கூட்டத்திலும் முதல் விடயமாக மாணவர் பாராளுமன்றத் தீர்மானங்கள் வாசிக்கப்பட வேண்டும். இரண்டு மாணவப் பிரதிநிதிகள் அங்கே அமர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஒரு மாதத்துக்குள் அதிபரின் கையொப்பத்துடன் எழுத்தில் பதில் போக வேண்டும். முடியாது என்பதும் பதில்தான், காரணம் எழுதப்பட்டால். சங்க நிதியில் ஒரு சிறு பங்கையேனும் பிள்ளைகளே திட்டமிட்டுச் செலவிட்டுக் கணக்குக் காட்ட விட வேண்டும். என் பிள்ளை படிக்கும் பாடசாலையின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இவற்றைப் பிரேரணையாகக் கொடுக்கவிருக்கிறேன். வழிமொழிய விரும்பும் பெற்றோரும், வெளிநாட்டுக் கிளைகளில் இருக்கும் பழைய மாணவரும் எனக்கு எழுதுங்கள்.