தோங்கைத் தூக்கிட்டீங்க, பூந்தொட்டித் தட்டை யார் தூக்குறது?

பள்ளியில சனிக்கிழமை நடந்த தண்ணி சேமிப்பு விழா எல்லாருக்கும் தெரியும். படத்துல பலூன் பார்த்தீங்க, மாலை பார்த்தீங்க, ‘நீரைச் சேமிப்போம்’ பதாகைக்குக் கீழேயே அடுக்கி வச்ச மினரல் வாட்டர் பெட்டிகளையும் பார்த்திருப்பீங்க. படத்துல இல்லாதது ஒண்ணு இருக்கு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைங்க மூணு வாரமா அளந்து, அறுத்து, ஒட்டி நிறுத்தின மழைநீர்த் தோங், அதாவது 200 லிட்டர் பீப்பாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைக் கழட்டி ஸ்டோருக்குப் பின்னால உருட்டி விட்டாங்க. ஏன்னு கேட்டா, “கொசு வரும், அதோட ஒய்பி வர்றாரு”ன்னாங்க (ஒய்பின்னா தொகுதி மக்கள் பிரதிநிதி). இதுல எது காரணம், எது சாக்குன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

தோங் இருந்த இடத்துல பன்னிரண்டு பூந்தொட்டி. ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில தட்டு. ஒவ்வொரு தட்டுலயும் தண்ணி.

கொசுக் கதையை முதல்ல முடிச்சிடுறேன். தோங் இருக்கிறதால மட்டும் கொசு வந்துடாது, திறந்து கிடந்தாதான் வரும். டெங்கியைப் பரப்புற ஏடிஸ் கொசுவோட முட்டை பெரிய கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால வழி ரெண்டு: உள்ளே போக விடாம அடைக்கணும், வாரம் ஒரு தடவை திறந்து பார்க்கணும். பிள்ளைங்க ரெண்டையும் செஞ்சாங்க. தண்ணி உள்ளே வர்ற வாயில எவர்சில்வர் வலை, கண் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நைலான் வலை விலை குறைச்சல்தான், ஆனா நம்ம வெயில்ல சில மாசத்துல பொடிப்பொடியாப் போயிடும். பலரும் மறக்கிற இடம் நிரம்பி வழியிற குழாயோட வாய். மேல மூடி பூட்டி வச்சாலும் கொசு அந்த வழியா நுழையும். அங்கயும் வலை கட்டியிருந்தாங்க. அப்பவும் பயம்னா கொசுப் புழுவைக் கொல்ற ஏபேட் மருந்து இருக்கு: 10 லிட்டருக்கு ஒரு கிராம், 200 லிட்டர் தோங்குக்கு 20 கிராம். செடிக்கும் கழிப்பறைக்கும் போற தண்ணிதானே.

உண்மையில அந்தப் பள்ளிக் கட்டடத்துல கொசு எங்கே இருக்குன்னு சொல்லட்டுமா? கூரை ஓரத் தகரக் கால்வாய் நடுவுல தொய்ஞ்சு கிடக்குது. மூணு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு இல்லேன்னா மழை விட்டும் தண்ணி அங்கேயே நிக்கும். ஏணி போட்டு ஏறிப் பார்த்தாதான் தெரியும். ஏறிப் பார்க்கணும்னு சொன்னது ஒரு பதினோரு வயசுப் பிள்ளை. நோய் பரப்புற பூச்சிகளை ஒழிக்கிற 1975-ஆம் வருஷத்துச் சட்டப்படி 500 ரிங்கிட் கம்பவுண்ட், அதாவது அபராதம், எழுத வந்தா, அதிகாரி தட்டுக்கும் கால்வாய்க்கும்தான் எழுதுவாரு. தோங்குக்கு இல்ல.

நான் திரும்பத் திரும்பச் சொல்றது ஒண்ணுதான். தண்ணியை அளக்காத பிள்ளைக்குத் தண்ணி புரியாது. சுவரொட்டி வரையச் சொன்னா நீலக் கலர்ல ஒரு துளி, அதுக்குக் கண்ணு, மூக்கு, சிரிப்பு. பரிசு கொடுத்து அனுப்பிடலாம். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் என்ன செய்யும்?

அளந்த பிள்ளை என்ன செய்யும்னு பாருங்க. சொட்டுற குழாய்க்கு அடியில அளவுக் குவளை, பத்து நிமிஷம். 60 மில்லி சேர்ந்தா 144-ஆல பெருக்கு, ஒரு நாளைக்கு எட்டரை லிட்டருக்கு மேல. ஃப்ளஷ் தொட்டியில கொஞ்சம் கேசரிப் பவுடர் போட்டு அரை மணி நேரம் தொடாம விடு. கோப்பைக்குள்ள கலர் இறங்கினா அடி ரப்பர் போச்சு. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் மீட்டர் படி, திங்கக்கிழமை மணி அடிக்கறதுக்கு முன்னாடி மறுபடி படி. மூணு கனமீட்டர் கூடியிருந்தா 3,000 லிட்டர். ஜாகா (காவலாளி) பயன்படுத்தினதைக் கழிச்சுக்கோ, மிச்சம் ஒழுகினது. இதைவிட நல்ல கணக்குப் பாடம் எந்தப் பயிற்சி நூல்ல இருக்கு?

மழையும் அப்படித்தான். ஒரு சதுர மீட்டர் கூரையில ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தா ஒரு லிட்டர். பிள்ளைங்க எடுத்தது 24 சதுர மீட்டர் தகரக் கூரை (ஆஸ்பெஸ்டாஸ் பக்கத்தைத் தொடல, அதுவும் அவங்களே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான்). சிதறல் போக எண்பது விழுக்காடு கைக்கு வரும்னா, 10 மில்லிமீட்டர் மழையில 192 லிட்டர். ஒரே மழையில தோங் கிட்டத்தட்ட ரொம்பிடும். நம்ம மலேசியாவுல ஓர் ஆள் ஒரு நாளைக்குச் செலவழிக்கிறது 200 லிட்டருக்கு மேல. அதாவது ஆளுக்குத் தினம் ஒரு தோங். இதைக் கேட்டு அந்த வகுப்பு ஒரு நிமிஷம் வாயைத் திறக்கல.

செய்முறையும் விளையாட்டு இல்ல. களைக்கொல்லி வந்த தோங்கா, சாப்பாட்டுப் பொருள் வந்த தோங்கான்னு முதல்ல விசாரிக்கணும், தோட்டத்துப் பக்கம் இது முக்கியம். ரொம்பின தோங் 200 கிலோ, அதனால சிமெண்டுக் கல் அடுக்கின மேடை, மட்டம் பார்த்து. குழாய் அடியிலிருந்து அஞ்சு சென்டிமீட்டர் மேல, வண்டல் வராம. வாஷர் உள்ளேயும் வெளியேயும். வெளியே மட்டும் போட்டதால முதல் நாள் ஒழுகுச்சு, கழட்டி மறுபடி மாட்டினாங்க. கூரை அழுக்கைச் சுமந்து வர்ற முதல் 12 லிட்டரைத் தனியாப் பிடிக்க ஒன்றரை மீட்டர் நாலு அங்குலக் குழாய், அடியில திருகு மூடி, பிடிச்ச தண்ணி மெல்ல வடிய மூடியில சின்னத் துளை. அந்தத் துளை இலைத் தூசியில அடைச்சுக்கும், வாரம் ஒரு தடவை திறந்து கழுவணும். அதுக்கு முறை போட்டு அட்டவணை ஒட்டியிருந்தாங்க. அட்டவணை மேலதான் இப்போ பதாகை தொங்குது.

“பிள்ளைங்களைப் பைப்காரன் வேலைக்கு விடுறதா? பரீட்சைக்குப் படிக்கட்டும்”னு ஓர் அண்ணன் எழுதியிருக்காரு. அண்ணே, ஆறாம் ஆண்டு அரசாங்கப் பரீட்சை யுபிஎஸ்ஆரை 2021-லயே தூக்கிட்டாங்க. அப்புறம், உங்க வீட்டுக் குழாய் ஒழுகினா யாரைக் கூப்பிடுவீங்க?

“தண்ணி மலிவுதானே, இதுக்கு இவ்வளவு பாடா?” நியாயம்தான். சிலாங்கூர்ல 2024 பிப்ரவரியில கட்டணம் ஏறினப்போகூட வீட்டுக்கு முதல் 1,000 லிட்டர் ஒரு ரிங்கிட்டைத் தொடல. அந்தக் கட்டணப்படி, அந்தச் சொட்டுக் குழாய் மாசம் பூரா ஒழுகினாலும் முப்பது சென் ஆகாது. அதனாலதான் சொல்றேன், காசைக் காட்டித் தண்ணியைக் கத்துக்கொடுக்க முடியாது. லிட்டரைக் காட்டணும்.

“சுத்திகரிச்ச தண்ணியில மூணுல ஒரு பங்குக்கு மேல பழைய குழாயிலயும் திருட்டுலயும் மீட்டர் கோளாறுலயும் போகுது, அதை விட்டுட்டு பிள்ளைங்ககிட்ட வர்றீங்களே”ன்னு ஓர் அக்கா கேட்டாங்க. இதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல. ஆனா அக்கா, நிறுவனம் குழாய் மாத்துற வரைக்கும் பிள்ளைங்க பதாகை பிடிச்சுக்கிட்டே நிக்கணுமா?

2020 செப்டம்பரை மறந்துட்டீங்களா? ரவாங் பக்கம் ஆத்துல எவனோ எதையோ கொட்டினான், நாலு சுத்திகரிப்பு நிலையத்தை மூடினாங்க, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புக் கணக்குக்குத் தண்ணி நின்னுச்சு. சிலாங்கூர் ஆறு நம்ம பக்கம்தான் ஓடுது, நாம தண்ணி லோரிக்குப் பின்னால வாளியோட ஓடினோம். அன்னிக்கு எல்லா வீட்டு வாசல்லயும் தோங் இருந்துச்சு. மூடிகூட இல்லாத தோங். அப்போ யாரும் கொசுவைப் பத்திப் பேசல. தோட்டத்து லயத்துல பொதுக்குழாய்க்கு வரிசை பிடிச்ச பாட்டிங்களோட பேரப்பிள்ளைங்க ஒரு தோங்கை ஒழுங்கா மூடி வலை கட்டி நிறுத்தினா மட்டும் பட்டணத்துக்கே அசிங்கமாப் போச்சு, இல்ல?

தோங்கைக் கோயில் பின்பக்கம் வைக்கத் தலைவர் சம்மதிச்சிட்டாரு. இந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாட்டுறாங்க. கழட்டினப்போ அந்த நாலு அங்குலத் திருகு மூடி காணாமப் போச்சு, சின்னத் துளை போட்டது. யார் எடுத்தீங்களோ, பேரெல்லாம் கேட்க மாட்டோம், கோயில் திண்ணையில வச்சிட்டுப் போயிடுங்க.