1948 தீர்ப்பு பத்திரத்தை அழிக்கவில்லை

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் உள்ள கன்ட்ரி கிளப் டிஸ்ட்ரிக்ட் என்ற குடியிருப்புப் பகுதியின் பத்திரங்களில், கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்ற இன நிபந்தனைகள் இருந்தன. 1948இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்போடு அவை ஒழிந்துவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

அந்தத் தீர்ப்பு வந்த ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் நீதிமன்றம் சொன்னது ஒன்றுதான்: இந்த நிபந்தனைகளை அரசு நீதிமன்றங்கள் அமல்படுத்தித் தரக் கூடாது. அக்கம்பக்கத்தார் தாங்களாகவே பேசி வைத்துக்கொண்டு அவற்றைக் கடைப்பிடிப்பதை அது தடுக்கவில்லை. வீடு விற்பதில் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டம் வர 1968 ஆனது. இடையில் முழுசாக 20 ஆண்டுகள்!

அந்தப் பகுதியை உருவாக்கிய ஜே. சி. நிக்கோல்ஸின் ஏற்பாட்டையும் பாருங்கள். மனையைக் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது, அவர்கள் வாடகைக்குக்கூட குடியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. வீடு கைமாறினாலும் அது கூடவே போகும். கெடு முடிந்தாலும் காலாவதி ஆகாது, தானாகவே நீளும். நிறுத்த வேண்டுமானால், மனைகள் தெருவைப் பார்த்திருக்கும் நீளத்தை அடிக்கணக்கில் கூட்டி, அதில் பாதிக்கு மேல் வைத்திருக்கும் உரிமையாளர்கள் கெடு முடிய 5 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிப் பதிவுசெய்ய வேண்டும். யார் அப்படி மெனக்கெடுவார்கள்? நீதிமன்றத்தில் செல்லாத பிறகும் அந்த வரிகள் பல பத்திரங்களில் அப்படியே கிடந்தது இதனால்தான்.

அந்தப் பகுதியின் வீட்டு உரிமையாளர் சங்கம் புல்வெளியையும் மரங்களையும் பராமரித்தது உண்மைதான். ஆனால் அந்தச் சங்கம் நின்றதே இதே பத்திரங்களின் மேல்தான்.