பழைய காருன்னாலே 20டபிள்யூ-50 என்ஜின் ஒயில் தானா?

இன்னைக்கும் அதே கூத்து. நம்ம இலங்கை மலைநாட்டுல ஹட்டன் பக்கம் ஒரு சேர்விஸ் இடம், பெயர் வேணாம். டொயோட்டா 110 கொரல்லா ஒன்னு உள்ள வருது, 5ஏ-எஃப்ஈ பெற்றோல் என்ஜின். ஒயில் மட்டம் பாக்குற டிப் ஸ்டிக்க இழுத்துப் பாக்கல, என்ஜின் சத்தத்தக் கேக்கல. கேள்வி ஒன்னே ஒன்னு: "எத்தன ஓடியிருக்கு அண்ணே?" "ரெண்டு லட்சத்துக்கு மேல தம்பி." அவ்வளவுதான், தீர்ப்பு வந்துருச்சு. "அப்ப 20-50 தான் அண்ணே. பழைய வண்டி, தடிச்ச ஒயில் போட்டாத்தான் தாங்கும்."

எதத் தாங்கும்? அந்த என்ஜின் எந்த அளவு தேஞ்சிருக்குன்னு யாரு பாத்தது? பொனட்டுக்குள்ள போன சேர்விஸ் அட்டை தொங்குது, 10டபிள்யூ-40னு பேனையால எழுதியே இருக்கு. வாசிக்கக்கூட இல்ல, பிச்சு எறிஞ்சாச்சு. புது அட்டையில திகதி இருக்கு, அடுத்த சேர்விஸ் கிலோமீட்டர் இருக்கு, கடை போன் நம்பர் கொட்டை எழுத்துல இருக்கு. ஊத்தின ஒயில் என்னன்னு மட்டும் இல்ல!

அப்புறம் 4 லிட்டர் கேன். அந்த என்ஜினுக்குப் பில்டரோட சேத்து 3 லிட்டர் சொச்சந்தான் போகும். "கேனத் தெறந்தாச்சே"ன்னு மொத்தத்தையும் கவுத்தாச்சு. மட்டம் டிப் ஸ்டிக்குல 'நிறைஞ்சிருச்சு'ன்னு காட்டுற எஃப் கோட்டத் தாண்டி நிக்குது. அடியில சுத்துற கிராங்க் சாப்ட் அதுல அடிச்சு அடிச்சு நுரையாக்கும். பம்பு நுரைய இழுத்தா அழுத்தம் விழும். கொஞ்சம் ஒயில், என்ஜினுக்குள்ள சேர்ற ஆவிய வெளியேத்துற பிசிவி வால்வ் வழியா இன்டேக்குக்கு, அதாவது காத்து உள்ள போற வழிக்குப் போய் எரியும், சைலன்சர்ல நீலப்புகை வரும். ரெண்டு மாசத்துல அந்த மனுசன் "ஒயில் குடிக்குது தம்பி"ன்னு வந்து நின்னா, அதே வாய் என்ன சொல்லும்? "வண்டி பழசு அண்ணே, இன்னும் தடிப்பாப் போடுவோம்."

வயிறு எரியுது.

டபிள்யூவுக்கு முன்னால உள்ள எண் குளிர்ல எப்படி நடந்துக்குதுங்குறதுக்கு. 20டபிள்யூன்னா -15 பாகை செல்சியஸ்ல செல்ப் மோட்டர் என்ஜினச் சுத்துற அளவு, 10டபிள்யூன்னா -25. பின்னால உள்ளது 100 பாகைச் சூட்டுல இருக்குற தடிப்பு: 30ன்னா 9.3லருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸ் (தடிப்ப அளக்குற அலகு), 40ன்னா 12.5லருந்து 16.3, 50ன்னா 16.3லருந்து 21.9. நுவரெலியாவுல -15 எந்தக் காலத்துலயும் வராது, 20டபிள்யூ உறையாதுங்குறது உண்மைதான். ஆனா உறையாம இருக்குறது வேற, தேவையான நேரத்துல மேல போய்ச் சேர்றது வேற. ஜனவரி, பெப்ரவரியில புல்லு மேல உறைபனி விழுற விடியக்காலையில 20டபிள்யூ-50 கித்துள் பாணி மாதிரி இருக்கும். அத பம்பு தள்ளும்போது அழுத்தம் கூடினா தொறக்குற ரிலீப் வால்வ் தொறந்து ஒரு பங்கு திரும்ப உள்ளயே போயிடும். பில்டர்லயும் பைபாஸ் வால்வ் தொறக்கும், வடிகட்டாத ஒயில் அப்படியே பெயரிங்குக்குப் போகும். ஹெட்டுல வால்வத் தொறக்குற கேம் சாப்ட் ஒயிலுக்காகக் காத்துக் கெடக்கும், டெப்பட் சத்தம் நின்னு நிதானமாத்தான் அடங்கும். தேய்மானத்துல பெரிய பங்கு இந்த நேரத்துலதான் நடக்குது. தேயாம இருக்கத்தானே ஐயா தடிச்ச ஒயில் போட்டீங்க?

பழைய கார்களோட கையேட்டுல வெப்பநிலைப் படம் போட்டு, சூடான இடத்துக்கு 20டபிள்யூ-50ஐயும் காட்டியிருப்பாங்க, அத மறுக்கல. மொரிஸ் மைனருக்கு அது நல்லாவே பொருந்தும். அந்தக் கணக்க, பிறகு வந்த ட்வின் கேம் (ரெண்டு கேம் சாப்ட்) ஜப்பான் என்ஜினுக்கும் அப்படியே ஒட்டுறதுதான் அநியாயம்.

நீலப்புகையப் பத்தியும் யோசிக்கிறதே இல்ல. இறம்பொடை எறக்கத்துல ரெண்டாவது கியர்ல, அக்சலரேட்டர்ல கால் வெக்காம நீளமா எறங்கிட்டு, கீழ வந்து மிதிச்சதும் ஒரு மூச்சுப் புகை வந்தா அது வால்வ் சீல். றப்பர் இறுகிப் போச்சு, எறக்கத்துல இன்டேக்குல உண்டாகுற வெற்றிடம் ஒயில உறிஞ்சுது. சீல மாத்தணும், 50 போட்டா இறுகின றப்பர் இளகாது. ஏத்தத்துல மிதிக்க மிதிக்கப் புகை தொடர்ந்து வந்தா பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கணும். பிளக்கக் கழட்டி சிலிண்டருக்குள்ள கம்ப்ரஷன் அழுத்தத்த அளங்க, கொறஞ்ச சிலிண்டர்ல ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளங்க. ஏறுச்சுன்னா ரிங், ஏறலன்னா வால்வ் பக்கம். அதுக்கும் முன்னால பிசிவி வால்வக் கழட்டி காதுக்கிட்ட ஆட்டிப் பாருங்க, கலகலன்னு சத்தம் வரலன்னா அடைச்சிருக்கு. பத்து நிமிச வேலை. இத யாராவது செஞ்சு பாத்திருக்கீங்களா?

தடிப்பைக் கூட்டணுமான்னு தீர்மானிக்கிறது ஒயில் அழுத்தம், வயசு இல்ல. பிரஷர் சுவிட்சக் கழட்டிட்டு அந்த இடத்துல கேஜ் மாட்டணும். கம்பளையில இருந்து நுவரெலியாவுக்கு 1300 மீட்டருக்கு மேல ஏத்தம், அப்படி ஒரு ஏத்தம் ஏறி ஒயில் நல்லாச் சுட்ட பெறகு பாக்கணும். இந்த டொயோட்டா ஏ வகை என்ஜினுக்கு ஐட்லிங்ல குறைஞ்சது சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோ, 3000 ஆர்பிஎம்ல 2.5க்கும் 5க்கும் இடையில காட்டணும். காட்டுதா? அப்ப 10டபிள்யூ-30 போதும். ஏத்தப் பாதையிலயே பாரத்தோட ஓடுறவங்க 10டபிள்யூ-40 போடுங்க, காலையிலயும் ஓடும், சூட்டுலயும் படலம் நிக்கும். 2.5க்குக் கிட்ட தடுமாறுச்சுன்னா 15டபிள்யூ-40. அதுக்கும் கீழ விழுந்தா பெயரிங்கையும் பம்பையும் தெறந்து பாருங்க, 50ஐ ஊத்தி மறைக்காதீங்க. டாஷ்போர்டுல ஒயிலோட செவப்பு லைட்டு எரியட்டும்னு காத்திருக்காதீங்க, அது எரியிறப்ப அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்னுமே இல்லாத நெலமை.

இன்னொரு கூட்டம் இதுக்கு நேர் எதிர். ஹைபிரிட் காருக்குப் போட்ட 0டபிள்யூ-20 மிச்சம் இருக்காம், "விலை கூடின ஒயில்"னு அதே 110க்கு ஊத்துறாங்க. விலை கூடினா? அந்த என்ஜினோட பெயரிங் இடைவெளி 20க்குன்னு வெச்சதில்ல, ஏத்தத்துல சுட்டா ஒயில் படலம் ரொம்ப மெலிஞ்சுடும்.

ஒயில் கேன வாங்கி முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் நீங்களே வாசிங்க. அளவு பாத்து ஊத்தச் சொல்லுங்க, மிச்சத்த வீட்டுக்குக் கொண்டு போங்க, காசு உங்களோடது. ட்ரெய்ன் போல்ட் வாஷரப் புதுசாப் போடச் சொல்லிக் கேளுங்க, "இதே போதும் அண்ணே"ன்னா விடாதீங்க.

கோவத்தோட கோவமா இதையும் சொல்லிடுறேன். நானுஓயா பக்கம் பின்னேரமே மூடுபனி கட்டிடுது. பார்க் லைட்டுக்கூடப் போடாம வளைவுல மரக்கறி லொறிய நிறுத்திட்டு தேத்தண்ணி குடிக்கப் போறவங்களே, அந்த ஹசார்ட் சுவிட்ச ஒருதரம் அமுக்கினா விரல் தேஞ்சா போயிடும்?