ஜோஷ் ஹாலியின் மசோதாவை நான் ஏன் எதிர்க்கிறேன்

2025 ஜனவரி இறுதியில் அமெரிக்க செனட்டில் மிசோரி மாநில உறுப்பினர் ஜோஷ் ஹாலி ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். செயற்கை நுண்ணறிவுத் தொழில்நுட்பத்தைச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்யக்கூடாது. அங்கு உருவானதை இறக்குமதி செய்யவும் கூடாது. சீன நிறுவனங்களோடு சேர்ந்து இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்யக்கூடாது, முதலீடும் போடக்கூடாது. மீறுகிற தனிமனிதருக்கு 20 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் டாலர் வரை அபராதம். படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்துக்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல நினைக்கிறேன்.

முதலில் அது வந்த நேரம். ஜனவரி 20 அன்று டீப்சீக் என்ற சீன நிறுவனம் தன் ஆர்1 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது. ஒரு வாரம் கழித்து, 27ஆம் தேதி, செயற்கை நுண்ணறிவுக்கான சில்லுகளை விற்கும் அமெரிக்க நிறுவனமான என்விடியாவின் சந்தை மதிப்பு ஒரே நாளில் ஏறத்தாழ 59,000 கோடி டாலர் சரிந்தது. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் மசோதா வந்துவிட்டது. பீதியில் எழுதிய சட்டம் என்பது அதன் அகலத்திலேயே தெரிகிறது. இறக்குமதித் தடையின் வாசகத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மாதிரியைத் தன் கணினியில் இறக்கிச் சோதித்துப் பார்க்கும் மாணவர்கூட குற்றவாளி ஆகலாம்.

எல்லாக் கட்டுப்பாடுகளையும் நான் எதிர்க்கவில்லை. நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் தயாரிக்கும், சில்லு செய்யப் பயன்படும் அதிதீவிரப் புறஊதா (EUV) லித்தோகிராபி இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்குச் சுமார் 50,000 முறை லேசரால் தாக்கி, 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியை உண்டாக்கி, அந்த ஒளியால் சிலிக்கானில் சுற்றுகளை வரைகிறார்கள். உலகில் இதை விற்பது ஒரே ஒரு நிறுவனம். அமெரிக்கா கொடுத்த அழுத்தத்தால் சீனாவுக்கு இதை அனுப்ப டச்சு அரசு உரிமம் தரவில்லை. அந்தத் தடை இன்றுவரை வேலை செய்கிறது. ஆனாலும் 2023 ஆகஸ்டில், பழைய தலைமுறை இயந்திரங்களைக் கொண்டே எஸ்எம்ஐசி என்ற சீனச் சில்லு நிறுவனம் தயாரித்த 7 நானோமீட்டர் சில்லோடு சீனாவின் ஹுவாவே ஒரு தொலைபேசியை வெளியிட்டது. ஆக, இயந்திரத்தைத் தடுத்தால் கிடைப்பது சில ஆண்டு அவகாசம். ராணுவப் பயன்பாடு உள்ள ஒரு பொருளுக்கு அந்த அவகாசம் முக்கியமானதுதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த இயந்திரம் பல பெட்டிகளில் அடைத்து விமானத்தில் ஏற்ற வேண்டிய பொருள். அதற்கு உரிமம் கேட்கலாம், துறைமுகத்தில் நிறுத்தலாம். ஆய்வுக் கட்டுரையை, ஒரு கணித உத்தியை, இரண்டு ஆய்வாளர்கள் பேசிக்கொள்வதை எங்கே நிறுத்துவது? ஹாலியின் மசோதா இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது.

இந்தக் குழப்பம் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் தன் பஞ்சாலை இயந்திரங்களையும் வரைபடங்களையும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடை செய்தது. தேர்ந்த தொழிலாளர்கள் நாட்டைவிட்டுப் போவதற்கும் தடை இருந்தது. 1789இல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற 21 வயது இளைஞர், ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திர அமைப்பை மனதில் பதித்துக்கொண்டு, தொழிலை மறைத்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டே ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில் அந்த இயந்திரம் ஓடியது. இருபது ஆண்டுகள் கழித்து பிரான்சிஸ் கேபட் லோவெல் என்ற அமெரிக்க வணிகர் பிரிட்டிஷ் ஆலைகளைச் சுற்றிப் பார்த்து, விசைத்தறியை நினைவில் வைத்துக்கொண்டு பாஸ்டன் திரும்பினார். அமெரிக்கத் தொழில்புரட்சியின் தொடக்கமே இப்படிப்பட்ட ஒரு சட்டத்தின் தோல்வி. பிரிட்டன் தொழிலாளர் மீதான தடையை 1824இலும் இயந்திரத் தடையை 1843இலும் நீக்கிவிட்டது.

எனக்கு இதைவிட வலிப்பது சியான் சூசென் என்ற ராக்கெட் விஞ்ஞானியின் கதை. 1935இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்க வந்தவர். கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். போர் முடிந்ததும் ஜெர்மன் ராக்கெட் விஞ்ஞானிகளை விசாரிக்க அமெரிக்க ராணுவமே கர்னல் பதவி கொடுத்து இவரை அனுப்பியது. 1950இல், கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் இவரது பாதுகாப்பு அனுமதியைப் பறித்தார்கள். ஐந்து ஆண்டுகள் கண்காணிப்பில் வைத்திருந்து 1955இல் சீனாவுக்கு அனுப்பினார்கள். அங்கே போய் ஏவுகணைத் திட்டத்தைத் தொடங்கினார். 1970இல் சீனாவின் முதல் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. எந்த உளவாளியும் திருடித் தர முடியாத ஒன்றை, தன் கையாலேயே எதிரிக்குக் கொடுத்தது அமெரிக்கா. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது இதுதான்.

இதிலிருந்து எதையும் கற்கவில்லை என்பதுதான் ஆதங்கம். 2018இல் அமெரிக்க நீதித்துறை 'சீன முன்முயற்சி' என்ற பெயரில், சீனாவுக்கு உளவு பார்ப்பவர்களைத் தேடும் வேட்டையைத் தொடங்கியது. எம்ஐடி பேராசிரியர் ஒருவரை 2021 ஜனவரியில் கைது செய்து, ஓராண்டில் வழக்கையே திரும்பப் பெற்றார்கள். 2022 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். ஆனால் அந்த அச்சம், அமெரிக்க ஆய்வகங்களில் வேலை செய்யும் சீன வம்சாவளி விஞ்ஞானிகள் மனதில் தங்கிவிட்டது. அதே மனிதர்களின் தலைமேல் இப்போது 20 ஆண்டுச் சிறையைத் தொங்கவிடப் பார்க்கிறார் ஹாலி.

திருட்டை என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வணிக ரகசியத்தை அந்நிய அரசுக்காகத் திருடுவது 1996இன் பொருளாதார உளவுச் சட்டப்படி ஏற்கெனவே கடுங்குற்றம். ராணுவப் பயன்பாடுள்ள பொருட்களுக்கு 2018இன் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சீர்திருத்தச் சட்டம் இருக்கிறது. சீனாவுக்குச் சில்லு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த 2022 அக்டோபர் 7 அன்று வந்த விதிகளும் அதன் கீழ் வந்தவைதான். அவற்றில் ஓட்டைகள் உண்டு. விதிக்கு உட்பட்டே என்விடியா எச்800 என்ற தரம் குறைத்த சில்லைச் சீனாவுக்கு விற்றது. டீப்சீக் தன் வி3 மாதிரியைப் பயிற்றுவித்ததும் அவற்றில்தான். 2023இல் அந்த ஓட்டையை அடைத்தார்கள். அப்படி ஓட்டை கண்ட இடத்தில் அடைப்பது அரசின் வேலை, அதைச் செய்யட்டும்.

தடைக்குப் பதிலடியும் உண்டு. சில்லுக்கும் ராடாருக்கும் தேவைப்படும் காலியத்துக்கும் ஜெர்மானியத்துக்கும் 2023இல் சீனா உரிமம் கட்டாயமாக்கியது, 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்பவே தடை போட்டது. 2025 ஏப்ரலில் அரிய மண் தனிமங்கள் ஏழின் மீது கட்டுப்பாடு வந்தது.

2011 முதல் சீனாவோடு இருதரப்பு ஒத்துழைப்புக்கு நாசா சிறப்பு அனுமதி இல்லாமல் தன் நிதியைச் செலவிட முடியாதபடி உல்ஃப் திருத்தம் என்ற அமெரிக்கச் சட்டப்பிரிவு கட்டிப்போட்டிருக்கிறது. அதனால் சீனா நின்றுவிட்டதா? தனக்கென்று விண்வெளி நிலையம் கட்டிக்கொண்டது. 2020இல் நிலவிலிருந்து மண் கொண்டுவந்தது. அந்த மண்ணை ஆராய விரும்பிய நாசா ஆய்வாளர்கள்தான் சிறப்பு அனுமதி தேடி அலைய நேர்ந்தது.

ஆகவே என் கோரிக்கை குறுகியது. இந்த மசோதாவில் கூட்டு ஆராய்ச்சியைக் குற்றமாக்கும் பிரிவையும் இறக்குமதித் தடையையும் முழுவதுமாக நீக்க வேண்டும். சில்லுகளுக்கும் அவற்றைச் செய்யும் கருவிகளுக்கும் தடை வேண்டுமென்றால், எந்தப் பொருள், யாருக்கு, எத்தனை ஆண்டு என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, காலாவதித் தேதியோடு செனட்டில் வாக்கெடுப்புக்கு வைக்கட்டும்.