ஐந்தாவது திணை எங்கே போனது?
ஐந்திணைக் குறுக்கெழுத்தில் பாலைக்குக் குறிப்பே தராதது வாசகரை ஏமாற்றும் வேலை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேற்று இரவு அதோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ‘மணத்துக்குப் பின் தமதாகும் வயல்வெளி (4)’ என்றதும் கல்யாணத்தையே சுற்றிக்கொண்டிருந்தேன். மணம் என்றால் வாசனை, அதாவது மரு, கூடவே ‘தம்’ என்று பிடிபட்டபோது அப்படியொரு சந்தோஷம்! ‘தறியில் நடக்கும் வேலை கடற்கரையில் (4)’ உடனே வந்துவிட்டது, நெய்தல்.

எல்லாம் நிரம்பியும் பாலையைக் காணோம். காரணமில்லாமல் நிழலடித்த இரண்டு கட்டங்கள் மட்டும் உறுத்தின. ஒன்று முல்லையின் ‘லை’. மற்றொன்று, 99 பூக்களைச் சொல்லும் குறிஞ்சிப்பாட்டின் ‘பா’. சேர்த்துப் படித்ததும் சிலிர்த்துவிட்டது. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் பாலை என்றுதானே சிலப்பதிகாரம் சொல்கிறது! தொல்காப்பியமும் நான்கு நிலங்களுக்குத்தான் தெய்வம் சொல்கிறது. தனி நிலமில்லாத திணைக்குத் தனிக் குறிப்பும் இல்லை. இதை ஏமாற்று என்று எப்படிச் சொல்வது? விடைகளை மறைத்துவிட்டு அந்த இரண்டு கட்டங்களை இன்னொரு முறை பாருங்கள்.