அடி எண்ணுவதை விட்டு நேரத்தைத் தாருங்கள்

வியாழக்கிழமை எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்ட அந்தப் பட்டியலைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன பதிவைப் படித்தவர்களுக்கு விஷயம் தெரியும். அலுவலகம் எங்களுக்கு நடத்தும் இதய ஆரோக்கியத்துக்கான இணையவழித் திட்டம். நடக்கும் அடிகளைப் போனில் ஒரு செயலி எண்ணும். யார் எத்தனை அடி நடந்தார் என்று பெயரோடு போட்டு, கடைசி ஐந்து பேரைச் சிவப்பில் காட்டியிருந்தார்கள். அதில் ஒருவர் இதயக் குழாய் அடைபடாமலிருக்க ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். அலுவலகம் முழுக்க அது தெரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். எங்கள் இதயத்தின் மேல் அக்கறை இருந்தால் நேரத்தைத் தாருங்கள்.

திட்டத்தின் சூம் வகுப்பு இரவு ஏழரைக்கு. கொழும்பு கொள்ளுப்பிட்டியில் வேலை முடிந்து, காலி வீதி நெரிசலில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி அதைக் கேட்கிறேன். மன அழுத்தத்தைக் குறைப்பது பற்றிப் பேசுகிறார்கள். அதே போனில் மேலாளரின் மின்னஞ்சல் வந்து விழுகிறது.

2021இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் அமைப்பும் சேர்ந்து ஒரு கணக்கை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிட மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் கூட. பாரிசவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் கூட. மாத முடிவில் எங்கள் பிரிவு 55ஐத் தாண்டுகிறது. எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாய் என்று அந்தச் செயலி ஒரு நாளும் கேட்டதில்லை.

"இலவசமாகத் தருகிறார்கள், அதற்கும் குறையா?" என்பீர்கள். இலவசம் இல்லை. என் மகள் சாப்பிடும் நேரத்தை எடுத்துத்தான் தருகிறார்கள்.

"சிலருக்கு நன்மை கிடைத்ததே?" சரி, கிடைத்தது. ஒரு தம்பிக்கு 160/100 பிறஷர் இருந்தது தெரியவந்து இப்போது மாத்திரை எடுக்கிறார். ஆனால் அதைக் கண்டுபிடித்தது முதல் நாள் தாதி கையில் கட்டிய பட்டி. பட்டியல் இல்லை. அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான ஊழியர்களிடம் இப்படியொரு நலத் திட்டத்தை ஒன்றரை வருடம் நடத்திப் பார்த்து 2019இல் முடிவைச் சொன்னார்கள். ஒழுங்காக உடற்பயிற்சி செய்கிறோம் என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். பிறஷரிலும் கொலஸ்ட்ரோலிலும் சொல்லும்படி மாற்றம் இல்லை.

"நடக்கப் பஞ்சிப்பட்டுச் சாட்டுச் சொல்கிறாய்" என்று போன பதிவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் சுட்டது.

என் அப்பா புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதினார். காலை ஏழரைக்குப் போனால் இரவு எட்டு மணி. 2009இல் ஒரு பின்னேரம் நெஞ்சை அடைக்கிறது என்றாராம். வாயு என்று நினைத்து அரைப் போத்தல் சோடா குடித்துவிட்டு, அன்றைய கணக்கை முடிக்கிறேன் என்று திரும்ப உட்கார்ந்திருக்கிறார். முதலாளி கெட்டவர் இல்லை, கேட்டிருந்தால் விட்டிருப்பார். அப்பாவுக்குக் கேட்க வாய் வரவில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை 2016இல்தான் வந்தது. முச்சக்கர வண்டியில் ஏற்றினார்கள், பெரியாஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அவருடைய குடையையும் பேனையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார்கள். பேனைக்கு மூடி இல்லை. எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு இதயத்தைப் பற்றி அக்கறை இல்லை என்று சொல்லாதீர்கள்.

நேற்று மாலை மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒருவர் என்னிடம் வந்தார். பெயர் சொல்ல மாட்டேன். குரலைத் தாழ்த்தி, "நீங்க காலிமுகத்திடலில நடக்கேக்குள்ள என்ட போனையும் கொண்டு போவீங்களா? அடுத்த பட்டியல்ல என்ட பேர் வரக்கூடாது" என்றார். வயதில் என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.